கண்ணாடியைக் கழட்ட அவசரப்படாத குழந்தைகள் கண் கிளினிக்

பொண்ணுக்கு மூணு வயசுல மாறுகண் ஆரம்பிச்சுது, ஒரு கண்ணு மூக்குப் பக்கமா திரும்பிடும். இப்ப எட்டு வயசு. இத்தனை வருஷமா ஒரே கிளினிக்லதான் காட்டுறோம், "கண்ணாடி எப்ப கழட்டலாம்"னு கேட்டா நேர்மையா பதில் சொன்ன இடம் அதுதான்.

அதுக்கு முன்னாடி போன இடத்துல கண் பயிற்சி பண்ணா கொஞ்ச மாசத்துல கண்ணாடியே வேணாம்னு சொன்னாங்க. இங்க டாக்டர் அப்படி நடக்காதுன்னு முகத்துக்கு நேரா சொல்லிட்டாங்க. பாப்பாவுக்கு இருக்கறது பிளஸ் பவர், தெளிவா பாக்கணும்னு கண்ணு உள்ளுக்குள்ள ஃபோகஸ் பண்ணிக்கிட்டே இருக்கும், அப்படி பண்றப்ப கண்ணும் கூடவே உள்ள இழுத்துக்கும், அந்த வேலைய கண்ணாடி எடுத்துக்கிட்டா கண்ணு நேரா நிக்கும், பயிற்சியால அந்த பவர் குறையாது, கண்ணு வளர வளர தானா குறைஞ்சாதான் உண்டுன்னு பொறுமையா புரிய வெச்சாங்க. கண்ணாடிய கழட்டினதும் கண்ணு திரும்புதே, கண்ணாடி போட்டுதான் கெட்டுப்போச்சோன்னு வீட்ல எல்லாருக்கும் பயம். அது எதிர்பாத்ததுதான், கெட்டுப்போகலன்னு அவங்க சொன்னப்புறம்தான் எங்களுக்கு உயிரே வந்துச்சு.

பவர் பாக்கறதுக்கு முன்னாடி மூணு நாள் அட்ரோபின்னு, கண்ணு ஃபோகஸ் பண்றத தற்காலிகமா தளர்த்தற ஆயின்மென்ட் போடச் சொன்னாங்க, அப்பதான் மறைஞ்சிருக்கற முழு பவரும் வெளிய தெரியுமாம். அதுக்கப்புறம் ஒரு வாரம் மேல கூட வெளிச்சத்துல கண்ணு கூசும், கிட்ட இருக்கறது மங்கலா தெரியும்னு முன்கூட்டியே சொன்னதால ஸ்கூல்ல சொல்லி வெக்க முடிஞ்சுது.

பிளஸ் 4ல ஆரம்பிச்சோம், ஏழு வயசுக்கு மேலதான் குறைக்கவே தொடங்கினாங்க, அதுவும் அரை அரையா. ஒவ்வொரு தடவையும் ஒரு கண்ண மறைச்சு மறைச்சு எடுத்து அசையுதான்னு பாப்பாங்க, தனியா ஒரு கண்ணாடி மாட்டிவிட்டு ஈ படத்தக் காட்டுவாங்க, ரெண்டு கண்ணும் சேர்ந்து பாத்தா ஈ மேல எழும்பின மாதிரி தெரியும், இவ அந்தரத்துல ரெக்கைய கிள்ளப் பாப்பா! ஒரு தடவ குறைச்சதும் சாயங்காலம் ஹோம்வொர்க் பண்றப்ப கண்ணு லேசா உள்ள போச்சு, போய்ச் சொன்னதும் மறுபேச்சில்லாம பழைய பவரையே குடுத்துட்டாங்க. இப்ப 2.5ல நேரா நிக்குது.

முழுசா கழண்டுடும்னு வாக்கு எதுவும் தரல. ஆரம்ப பவர் கம்மியா இருந்தா வாய்ப்பு அதிகம், பிளஸ் 5க்கு மேலன்னா பெரும்பாலும் பெருசானப்புறமும் கண்ணாடியோ லென்ஸோ வேணும்னாங்க.

குறைன்னா காத்திருக்கற நேரம்தான், ரொம்ப ஜாஸ்தி. டிராப்ஸ் போட்டு கண்ணு கூசுற குழந்தைங்கள அவ்ளோ பளிச்னு லைட் எரியற ஹால்ல உக்கார வெக்கறது எனக்கு சுத்தமா புடிக்கல, இத கட்டாயம் மாத்தணும். ஃபிரேம் விஷயத்துல மட்டும் கில்லி, குழந்தை கண்ணாடிக்கு மேலால எட்டிப் பாக்காத மாதிரி மூக்குல சரியா உக்காருதான்னு பாத்துதான் விடுவாங்க.

போறவங்க பழைய பவர் சீட்டு எல்லாத்தையும் கையோட எடுத்துட்டுப் போங்க, அத வரிசையா வெச்சுப் பாத்துதான் அடுத்த பவர முடிவு பண்றாங்க.