யாழ்ப்பாணத்தில் நான்கு இரவுகள்: தொடர்மாடியா, நாற்சார் வீடா?

யாழ்ப்பாணத்தில் எங்களுக்கென்று இருந்த வீடு இப்போது இல்லை. சென்ற வைகாசியில் கொழும்பிலிருந்து அம்மாவை அழைத்துப் போனபோது, முதல் இரண்டு இரவுகள் நகருக்குள் ஒரு புதிய தொடர்மாடி வீட்டிலும், அடுத்த இரண்டு இரவுகள் நல்லூர்ப் பக்கம், முற்றத்தைச் சுற்றிக் கட்டிய ஒரு பழைய நாற்சார் வீட்டிலும் தங்கினோம். விடுதி அறையை நான் தேடவே இல்லை. அங்கே நமக்கென்று அடுப்பும் கிடையாது, பேசிக்கொண்டிருக்கத் திண்ணையும் கிடையாது.

தொடர்மாடி படத்தில் கண்டதைப் போலவே அழகாக இருந்தது. மூன்றாம் மாடியில் நின்றால் பண்ணைக் கடலும், ஒல்லாந்தர் ஐங்கோணமாகத் திருத்திக் கட்டிய கோட்டையின் மதிலும் தெரிந்தன. பஸ் நிலையத்துக்கு நடந்தே போகலாம். நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ போக நினைப்பவர்களுக்கு இது பெரிய வசதி. குறிகட்டுவான் துறைக்குக் காலையிலேயே பஸ் பிடித்தால்தான் படகுக்கு நேரத்தோடு போய்ச் சேர முடியும்.

ஆனால் அந்த வீட்டின் உண்மையான செல்வம் குசினிதான். குருநகரில் நண்டு வாங்கி வந்தோம். அம்மா முருங்கை இலை போட்டுக் குழம்பு வைத்தார். பல ஆண்டுகளுக்குப் பிறகு யாழ்ப்பாண மண்ணில் அவர் சமைத்த முதல் சாப்பாடு அது. இதற்காகவே இன்னொரு தடவை அங்கே தங்கலாம்.

வெயில்தான் பொறுக்க முடியவில்லை. மேற்குப் பக்கம் முழுவதும் கண்ணாடி. பிற்பகல் மூன்று மணிக்கு ஏசி இல்லாமல் உள்ளே இருக்க முடியாது. இரண்டாம் நாள் மின்சாரம் போனது, லிஃப்டும் நின்றது. முழங்கால் வலியோடு அம்மா மூன்று மாடி ஏறினார். உரிமையாளர் கனடாவில் இருக்கிறார். கதவைத் திறப்பது ஓர் இரகசிய எண். உதவி கேட்டு அனுப்பிய செய்திக்கு மறுநாள் காலையில்தான் பதில் வந்தது. எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. முதியவர்களை அழைத்துச் செல்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள்: மின்பிறப்பாக்கி இருக்கிறதா, கூப்பிட்டால் வரக்கூடிய ஆள் ஊரில் இருக்கிறாரா?

நாற்சார் வீட்டுக்குள் நுழைந்ததும் உடம்புக்கே வித்தியாசம் தெரிந்தது. நடுவே திறந்த முற்றம், நான்கு புறமும் விறாந்தை, தாழ்ந்திறங்கும் ஓட்டுக்கூரை, தடித்த சுண்ணாம்புச் சுவர். சூடு முற்றத்தின் வழியே மேலே போய்விடுகிறது. உச்சி வெயிலிலும் அம்மா விசிறியைத் தேடவில்லை. காலையில் புட்டும் சம்பலும் வீட்டுக்காரரே தந்தார்கள். அந்த வீட்டு அம்மா திண்ணையில் வந்திருந்து, “அக்காவுக்கு எந்த ஊர்?” என்று கேட்டார். அரை மணி நேரத்தில் இருவருக்கும் பொதுவான ஓர் உறவு வெளிப்பட்டுவிட்டது. அன்று முழுவதும் அம்மாவின் முகத்தில் இருந்த ஒளியை நான் வேறெங்கும் காணவில்லை.

குறைகளும் உண்டு. குளியலறை பின்புறம் தனியே இருக்கிறது. இரவில் டோர்ச் வேண்டும். நுளம்பு வலை இல்லாமல் தூங்க முடியாது. குசினி அவர்களுடையது, நாம் நண்டு சமைக்க முடியாது. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவின் 25 நாட்களும் அந்தப் பக்கம் பல வீடுகளில் மீன், இறைச்சி என்று மச்சமே இல்லை. கோயிலைச் சுற்றி வாகனத்தையும் விடமாட்டார்கள். ஆனால் தேரும் தீர்த்தமும் பார்க்க வருபவர்களுக்கு அதுவே நன்மை: விடியற்காலையில் படலையைத் திறந்து வெறுங்காலோடு நடந்து போய்விடலாம்.

தண்ணீரில் இரண்டுக்கும் பேதமில்லை. வற்றாத ஆறில்லாத குடாநாட்டில் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்லில் ஊறும் நிலத்தடி நீர்தான். சவர்க்காரம் நுரைக்காது, தேநீரும் சுவைக்காது. குடிக்கவும் தேநீருக்கும் போத்தல் தண்ணீர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகையை எடுத்தால், தொடர்மாடியில் முழு வீட்டுக்கும் ஒரே தொகை, நாற்சாரில் அறைக்கு இவ்வளவு என்று. இரண்டு பேருக்கு நாற்சார் மலிவாக முடிந்தது. ஆறு பேர் போயிருந்தால் கணக்கு மாறியிருக்கும்.

மார்கழியில் தம்பியும் பிள்ளைகளும் வருகிறார்கள். அப்போது வெயிலின் உக்கிரம் இராது, மழை பெய்தால் முற்றம் நனைந்து கிடக்கும், பிள்ளைகளுக்கு மீன் பொரிக்க அடுப்பும் வேண்டும். அவர்களுக்குத் தொடர்மாடி. ஆவணியில் தேருக்கு அம்மாவோடு போக அந்த நாற்சார் வீட்டில் முன்பக்க அறையை இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.