கொலோன் கிறிஸ்துமஸ் சந்தைகள்: பேராலயத்தடியா, ஆல்ட்டர் மார்க்ட்டா?

டிசம்பரில் ஜெர்மனியின் கொலோன் நகரில் ஒரே ஒரு மாலைதான் கிடைக்கிறது என்றால், பேராலயச் சந்தையை அரை மணி நேரத்தில் சுற்றி வந்துவிட்டு ஆல்ட்டர் மார்க்ட் சதுக்கத்துச் சந்தைக்கு நடந்துவிடுங்கள். இதுதான் என் கட்சி. ஊருக்குப் புதிதாக வருகிற பலர் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே பேராலயம். அதன் தெற்குப் பக்கம் ரொன்கல்லி சதுக்கத்தில் விளக்குப் பந்தல், நடுவில் பெரிய கிறிஸ்துமஸ் மரம், சுற்றிலும் மரக்கடைகள். கையில் ஒரு கோப்பை க்ளூவைன் (மசாலா சேர்த்துச் சூடாக்கிய ஒயின்) வந்துவிட்டால் அப்புறம் நகர மனம் வருமா?

அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. 1248இல் தொடங்கி 1880இல்தான் கட்டி முடித்த ஆலயம், 157 மீட்டர் உயரத்துக்கு இரட்டைக் கோபுரத்தோடு முதுகுப்பக்கம் நிற்கிறது. அந்தப் பின்னணியில் எந்தக் கடையை வைத்தாலும் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த அழகு கோபுரத்தின் உபயம். சந்தையைத் தனியாக எடைபோட்டால் தட்டு கொஞ்சம் மேலே போய்விடும். திறந்த மேடை போன்ற இடம் என்பதால் காற்று எலும்பு வரை இறங்கும். ரயிலில் வந்த கூட்டம் முழுக்க முதலில் இங்கேதான் கொட்டுகிறது, அதனால் சனிக்கிழமை மாலைகளில் நடப்பது நம் கால்கள்தானா என்று சந்தேகம் வரும். பொருள்களை நின்று எடுத்துப் பார்க்க வேண்டுமானால் வார நாளில், பகலிலேயே போய்விட வேண்டும்.

தெற்குக் கோபுரத்தின் 533 படி ஏறி, விளக்கு ஜொலிக்கும் சந்தையை மேலிருந்து பார்க்கலாம் என்று திட்டம் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: குளிர்காலத்தில் கோபுரத்தை மாலை 4 மணிக்கே மூடிவிடுகிறார்கள். டிசம்பரில் சூரியன் மறைவது அதற்கும் பிறகு, ஏறக்குறைய நாலரைக்கு. மேலே போனால் பகல் வெளிச்சத்தில் கடைக்கூரைகள்தான் தெரியும்.

பேராலயத்திலிருந்து பொடிநடையாகப் போனாலே ஆல்ட்டர் மார்க்ட் வந்துவிடும். பழைய நகர மண்டபத்தை ஒட்டிய இந்தச் சதுக்கத்தை நாலு புறமும் வீடுகள் அணைத்துக்கொண்டிருப்பதால் காற்றின் கொட்டம் இங்கே அடங்கிவிடுகிறது. சந்தைக்கு ஒரு கதையும் உண்டு. முன்னொரு காலத்தில் கொலோன்காரர்கள் தூங்கும்போது ஹைன்ஸல் குள்ளர்கள் வந்து தச்சு வேலை, ரொட்டி வேலை, தையல் வேலை எல்லாவற்றையும் முடித்து வைத்துவிட்டுப் போவார்களாம். அவர்களைப் பார்த்தே தீருவது என்று ஒரு தையற்காரரின் மனைவி படிக்கட்டில் பட்டாணியைக் கொட்டி வைக்க, குள்ளர்கள் வழுக்கி விழுந்து கோபித்துக்கொண்டு போனவர்கள் திரும்பவே இல்லை. அன்றிலிருந்து கொலோன்காரர்கள் தங்கள் வேலையைத் தாங்களே செய்துகொள்ள வேண்டியதாயிற்று. அந்தக் குள்ளர்கள்தான் இந்தச் சந்தையின் அடையாளம். கடைகளுக்கு இடையே குழந்தைகளுக்கு அவர்களைக் காட்டிக்கொண்டே நேரத்தை ஓட்டிவிடலாம்.

அதையொட்டி ஹொய்மார்க்ட் சதுக்கம். பிரஷ்ய மன்னர் மூன்றாம் ஃப்ரெட்ரிக் வில்ஹெல்மின் குதிரைச் சிலையைச் சுற்றிப் பனிச்சறுக்குத் தளம் அமைத்துவிடுகிறார்கள். சறுக்கத் தெரியாதவர்கள் வேடிக்கை பார்க்கலாம், விழுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. பேராலயச் சந்தை 23ஆம் தேதியோடு கடையைக் கட்டிவிடும். ஹொய்மார்க்ட் பகுதி ஜனவரி தொடக்கம் வரை நடக்கிறது. கிறிஸ்துமஸுக்குப் பிறகு வருபவர்களுக்கு இதை விட்டால் அதிக வழியில்லை.

சாப்பாட்டைப் பொறுத்தவரை இரண்டு சந்தைகளுக்கும் பெரிய பேதமில்லை. கொலோன் பக்கத்தில் பெயர் பெற்றது ரைபெகூகன். உருளைக்கிழங்கைத் துருவி எண்ணெயில் மொறுமொறுப்பாகப் பொரித்து, ஆப்பிள் கூழோடு தருவார்கள். பொரித்த உருளைக்கு இனிப்பா என்று முகம் சுளிக்காமல் ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கள். மாவில் பெரும்பாலும் முட்டை சேர்ப்பார்கள், முட்டை ஆகாதவர்கள் கேட்டுக்கொள்வது நல்லது. அசைவம் தொடாதவர்களுக்கு பூண்டுச் சாறு ஊற்றிய காளான் வறுவல், சுட்ட செஸ்நட், சர்க்கரைப் பாகில் வறுத்த பாதாம் எல்லாம் இருக்கின்றன. மது வேண்டாம் என்றால் கிண்டர்புன்ஷ் என்று கேளுங்கள். அதே கிராம்பு, பட்டை மணம், பழச்சாறு.

மற்றவை? நொய்மார்க்ட்டில் உள்ள தேவதைச் சந்தை, மரக்கிளைகளில் தொங்கும் நட்சத்திர விளக்குகளால் பார்க்க இதமாக இருக்கும். ஷில்டர்காஸ்ஸே கடைத்தெரு பக்கத்திலேயே இருப்பதால், துணிமணி வாங்க வந்தவர்கள் இளைப்பாற ஏற்ற இடம். இதற்காகவே தனியாக மெனக்கெட வேண்டாம். ரூடொல்ஃப் சதுக்கத்தில் பழைய கோட்டை வாயிலின் அடியில் ஒரு சிறிய சந்தை நடக்கிறது. சின்னக் குழந்தைகள் உள்ளவர்கள் போகலாம். சாக்லேட் அருங்காட்சியகத்தின் அருகில் ரைன் நதிக்கரைச் சந்தைக்கு வெள்ளைக் கூடாரங்களும் ராட்டினமும் அழகுதான், ஆனால் ஆற்றுக்காற்றைத் தாங்கும் கோட்டு வேண்டும். பகலில் அருங்காட்சியகத்தை முடித்துவிட்டு அங்கே வெளிவருவதுதான் சரியான வரிசை.

நவம்பர் கடைசியில் வருபவர்கள் ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வென்ட் என்ற ஆயத்த காலத்துக்கு முந்தைய ஞாயிறு இறந்தோரை நினைவுகூரும் நாள். சந்தைகள் தொடங்கியிருந்தாலும் அன்று அடைப்பு.

கோப்பைக்குப் பிணைத்தொகை கொடுத்துத்தான் க்ளூவைன் வாங்க முடியும். காலிக் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தால் பணம் கைக்கு வரும். ஆனால் ஒவ்வொரு சந்தைக்கும் கோப்பை வேறு. பேராலயத்தடியில் குடித்த கோப்பையைக் கையில் பிடித்தபடியே ஆல்ட்டர் மார்க்ட்டுக்கு வந்துவிட்டால் அங்கே வாங்க மாட்டார்கள். ஒன்று திரும்பி நடக்க வேண்டும், இல்லையென்றால் அதைப் பெட்டியில் வைத்து ஊருக்குக் கொண்டுவர வேண்டியதுதான்.