‘அக்கா’ என்ற ஒரு சொல்லுக்கு நான் கொடுத்த விலை 72,000 ரூபாய்

இதை எழுதும்போது இரவு பதினொன்றரை மணி. கூடத்தில் குறுக்கே கயிறு கட்டி அப்பாவின் புத்தகங்களைத் துணி போலத் தொங்கவிட்டிருக்கிறேன். மின்விசிறி ஐந்தில் சுற்றுகிறது. பின்கட்டில் 72,000 ரூபாய் கொடுத்துப் போட்ட ஷெட் நிற்கிறது. நிற்கிறது என்பதுகூடத் தவறு, மதில்மேல் சாய்ந்திருக்கிறது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் ‘போகட்டும், நம் நேரம்’ என்று விட்டுவிடுகிற சுபாவம் எனக்கு. சாமான் வைக்க வீட்டோரம் ஷெட் போட நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய பத்து விஷயங்களைக் கடைசியில் தருகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில். 2015 டிசம்பரில் அடையாறு எங்கள் தெருவுக்கே வந்து போனது. அன்றிலிருந்து தரையில் எதையும் வைக்கப் பயம். பரண் இரண்டும் நிறைந்துவிட்டன. அப்பா போன பிறகு ஊர் வீட்டைக் காலி செய்ததில் ஒரு மினி லாரி சாமான் வந்து இறங்கியது. பித்தளை அண்டா, அம்மாவின் கால்மிதித் தையல் இயந்திரம், நான்கு டிரங்குப் பெட்டி நிறையப் புத்தகம், அம்மா நாற்பது வருடமாகச் சேர்த்த கொலு பொம்மைகள். “விற்றுவிடலாமே” என்றார் என் கணவர். அம்மா ஒன்றும் சொல்லாமல் அன்று இரவு சாப்பிடவில்லை. அதன் பிறகு விற்கும் பேச்சு எழவில்லை. பின்கட்டில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு ஷெட் என்று முடிவானது.

பெருங்களத்தூரில் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம்தான் முதலில் கேட்டோம். வந்தார், அளந்தார், 1,25,000 ரூபாய் என்றார். ஏன் இவ்வளவு என்று கேட்டதற்கு, “இரும்பு எடையில் விற்கும் பொருள். எடை போட்டுக் காட்டுகிறேன், பில் தருகிறேன். வேண்டாமென்றால் வேறு ஆளைப் பாருங்கள்” என்று எழுந்து போய்விட்டார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எனக்கு முகத்தில் அடித்தாற்போல இருந்தது. இப்போது யோசித்தால், இந்த விவகாரம் முழுவதிலும் என்னிடம் உண்மை பேசிய ஒரே மனிதர் அவர்தான்.

பிறகுதான் அந்தச் செயலி. வீட்டு வேலைகளுக்கு ஆள் பிடித்துத் தரும் வகையறா. பெயரை எழுதப் போவதில்லை. வழக்குப் போடும்வரை வாயைத் திறக்காதே என்று தெரிந்த வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். ‘சரிபார்க்கப்பட்டவர்’ என்று பச்சைக் குறி, ஐந்துக்கு 4.7 நட்சத்திரம், நேர்த்தியான ஷெட்டுகளின் பதினெட்டுப் படங்கள். அந்தப் படங்களில் பாதி யாரோ எங்கேயோ கட்டியவை என்பது எனக்கு எப்படித் தெரியும்?

வந்தவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். “அக்கா, கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா?” என்றுதான் பேச்சைத் தொடங்கினார். அக்கா. அப்பாவின் படத்துக்கு முன் ஒரு நொடி நின்று கும்பிட்டார். அம்மா காபி கொண்டுவந்தபோது எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். தையல் இயந்திரத்தைப் பார்த்து, “எங்கள் அம்மாவும் இதே போல ஒன்றில் தைத்துத்தான் எங்களைப் படிக்கவைத்தார்கள்” என்றார். அம்மா கரைந்துவிட்டாள். நானும்தான், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. “பாட்டி, உங்கள் பேரன் போடுகிற ஷெட் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பொம்மைமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விழாது” என்றார். பொம்மையைப் பற்றி நாங்கள் சொல்லவே இல்லை. டிரங்குப் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படித்திருக்கிறார். அவ்வளவு கூர்மையான கண்.

கையில் மாதிரித் துண்டுகள் வைத்திருந்தார். 0.50 மில்லிமீட்டர் கலர் ஷீட், பின்பக்கம் தடிமன் அச்சிட்டிருந்தது. இரண்டுக்கு இரண்டு அங்குலச் சதுர பைப், 2 மில்லிமீட்டர் கனம். தட்டிக் காட்டினார், கணீரென்று கேட்டது. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்குக் கான்கிரீட் மேடை, அதில் தூணுக்கு அடியில் வைக்கும் இரும்புத் தகடு (பேஸ் பிளேட்), அதைக் கான்கிரீட்டோடு பிணைக்கும் ஆங்கர் போல்ட். எல்லாம் சேர்த்து 96,000 ரூபாய். “சதுர அடி 800 ரூபாய்தான் வருகிறது அக்கா. பில் போட்டால் ஜிஎஸ்டி 18 சதவிகிதம், 17,280 ரூபாய் உங்களுக்குத்தான் வீண். செயலி வழியாகப் பணம் கட்டினால் அவர்கள் கமிஷன் வேறு பிடிப்பார்கள். நேரடியாக அனுப்பிவிடுங்கள்.” இங்கேதான் நான் விழுந்தேன். பதினேழாயிரம் மிச்சம் என்றதும் புத்தி மங்கிவிட்டது. அங்கேயே, அவர் காபி குடித்து முடிப்பதற்குள், 48,000 ரூபாயை யுபிஐயில் அவருடைய சொந்த எண்ணுக்கு அனுப்பினேன். பொருள் வந்து இறங்கிய அன்று இன்னொரு 24,000. ஆக 72,000 ரூபாய். கையில் காகிதம் என்று பார்த்தால், அளவுகளைப் பென்சிலால் குறித்த ஒரு நோட்டுத் தாள். அதிலும் தடிமன் எழுதவில்லை.

வேலை இரண்டரை நாளில் முடிந்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும், கான்கிரீட் மேடை இறுகவே நாள் ஆகுமே. மேடை ஒன்றரை அடி வரவில்லை, ஆறங்குலம்தான். கேட்டதற்கு, “பூச்சு வேலையில் ஏறிவிடும் அக்கா” என்றார். பூச்சில் ஓரடி ஏறுமா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. வண்ணம் பளபளவென்று இருந்தது, கதவு பூட்டியது, போதாதா? அம்மா கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டாள். பூச்சு வேலைக்கு வரும்போது மீதி 24,000 என்று பேச்சு.

நவராத்திரி முடிந்ததும் பொம்மைகளைப் பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கி ஷெட்டில் வைத்தோம். அடுத்த வாரம் மழை பிடித்தது. இரண்டாம் நாள் கதவைத் திறந்தால் உள்ளேயும் மழை. ஸ்க்ரூ ஒன்றிலும் ரப்பர் வாஷர் இல்லை, ஒவ்வொரு துளையும் ஒரு குழாய். ஷீட்மேல் ஷீட் இரண்டங்குலம்கூட ஏறவில்லை. கூரைக்குச் சரிவு என்று சொல்லும்படி ஒன்றுமில்லை, இருந்த கொஞ்சமும் வீட்டுச் சுவரைப் பார்த்து. சமையலறைச் சுவர் ஓதம் கண்டுவிட்டது. மேடை தாழ்வாக இருந்ததால் தரைவழியாகவும் தண்ணீர். காகிதக்கூழ் பொம்மைகள் ஊறித் தயிர்ச் சோறாகிவிட்டன. தசாவதாரத்தில் மிஞ்சியது கூர்மமும் மச்சமும். தண்ணீரில் இருக்கப் பழகியவை என்று என் கணவர் சொல்லப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

பக்கத்து வீட்டுப் பையன் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கிறான். வெர்னியர் காலிப்பரை எடுத்துவந்து அளந்தான். “ஆன்ட்டி, இது 0.50 இல்லை, 0.32. பெயின்ட்டோடு சேர்த்தே.” பைப் 2 மில்லிமீட்டர் இல்லை, 1.2. மீதம் கிடந்த ஆறு மீட்டர் பைப்பைத் தெருமுனைப் பழைய இரும்புக் கடைத் தராசில் போட்டோம். 2 மில்லிமீட்டர் கனமென்றால் பதினேழு கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும். இருந்தது பதினொன்று. ஒவ்வொரு பைப்பிலும் ஆறு கிலோவுக்கு மேல் திருட்டு. இதுவரை ‘அவர்’ என்று எழுதிவந்தேன். இனி விரல் வரவில்லை.

தொலைபேசியில் அழைத்தேன். முதல் முறை, “நாளைக்கே ஆள் அனுப்புகிறேன் அக்கா.” இரண்டாம் முறை, சித்தப்பா தவறிவிட்டாராம், செய்யாறில் இருக்கிறானாம். நான்தான் அசடு போல ஆறுதல் சொல்லி வைத்தேன். பத்து நாள் கழித்துக் கேட்டால் மறுபடியும் துக்கம், இந்த முறை பெரியப்பா. அதன் பிறகு அக்கா போய் ‘மேடம்’ வந்தது. “மேடம், மீதி 24,000 கொடுத்தால்தான் ஆள் வருவார்கள். மழைக்காலத்தில் எந்த ஷெட்தான் ஒழுகாது?” அதற்கப்புறம் மணி அடிக்கும், எடுக்க மாட்டான். ஆனால் தீபாவளி அன்று காலையில் வாழ்த்துப் படம் மட்டும் வாட்ஸ்அப்பில் தவறாமல் வந்தது, அகல்விளக்கு ஆடுகிற படம். அனுப்புகிற பட்டியலில் என் எண் இருக்கிறது, எடுக்கிற பட்டியலில் இல்லை.

செயலிக்காரர்கள் கதை தனி. வாடிக்கையாளர் சேவையில் ஒரு பெண் குரல், “உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது” என்றது. 48 மணி நேரத்தில் பதில் என்று புகார் எண் தந்தது. 48 மணி நேரத்தில் பதிலும் வந்தது. பணம் எங்கள் வழியாகச் செலுத்தப்படவில்லை, நாங்கள் இரு தரப்பையும் இணைப்பவர்கள் மட்டுமே, புகார் முடிக்கப்பட்டது. அடுத்த நிமிடம் இன்னொரு செய்தி: எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்? சரிபார்க்கப்பட்டவர் என்று பச்சைக் குறி போட்டீர்களே, எதைச் சரிபார்த்தீர்கள் என்று கேட்டேன். அடையாள அட்டையையாம். ஆளுக்குப் பெயர் இருக்கிறது என்பதற்கா பச்சைக் குறி? நான் எழுதிய மதிப்புரை மூன்றே நாளில் மறைந்துவிட்டது. அவனுக்கு இன்றும் 4.7 நட்சத்திரம்.

நேற்றிரவு காற்று. புயல்கூட இல்லை, வெறும் மழைக்காற்று. வர்தா புயல் அடித்த 2016 டிசம்பரில் இந்தப் பக்கம் தகரங்கள் பறந்ததை மாடியிலிருந்து பார்த்தவள் நான், அதோடு ஒப்பிட்டால் இது விசிறிக் காற்று. நான்கு ஷீட் பிய்த்துக்கொண்டு போயின. ஒன்று பக்கத்து வீட்டு ஸ்கூட்டர் மேல். அங்கே ஆள் நின்றிருந்தால்? நினைக்கவே கை நடுங்குகிறது. காலையில் பார்த்தால், ஆங்கர் போல்ட் என்று சொன்னது மரத்துக்கு அடிக்கிற ஸ்க்ரூ. மூன்றங்குல ஜல்லிக் கலவையில் பிளேட்டுக்கு இரண்டு. கையால் இழுத்தேன், சுண்டல் கடலை போல வந்தது. 72,000 ரூபாய்க்கு இரண்டு ஸ்க்ரூ.

ஊரில் தாத்தா போட்டிருந்த கீற்றுக் கொட்டகை ஞாபகம் வருகிறது. வருடம் தவறாமல் மாற்றுக் கீற்று வேய்வார். ஒழுகினால் எந்த இடம் என்று அவருக்குத் தெரியும். அதில் வைக்கோலும் விதைநெல்லும் நனையாமல் கிடந்தன. சரி, அது வேறு கதை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்துவிட்டேன். அடுத்தது செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாமாம். ஐந்து லட்சம் ரூபாய்வரை கட்டணம் கிடையாதாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டுமாம். போடுவேன். ஆனால் பில் எங்கே என்று வழக்கறிஞர் கேட்டபோது தலை குனிந்தேன். யுபிஐ பதிவும் வாட்ஸ்அப் பேச்சும் இருக்கின்றன, பார்ப்போம் என்றார். அந்தப் ‘பார்ப்போம்’ எனக்குப் பிடிக்கவில்லை.

பத்து விஷயம் என்றேன். மழை வலுத்துவிட்டது, மின்சாரம் இரண்டு முறை போய் வந்துவிட்டது, தோன்றியதை மட்டும் எழுதுகிறேன். சதுர அடிக் கணக்கில் ஒத்துக்கொள்ளாதீர்கள், இரும்பை எடை போடச் சொல்லுங்கள். ஷீட்டின் தடிமனையும் பைப்பின் கனத்தையும் மில்லிமீட்டரில் எழுதி வாங்குங்கள். பொருள் இறங்கும்போதே, வெல்டிங் தொடங்கும் முன்பே, அளந்து பாருங்கள், மாதிரித் துண்டை நம்பாதீர்கள், அதைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பத்தடிக்கு ஓரடியாவது சரிவு வேண்டும், வீட்டுச் சுவருக்கு எதிர்ப்பக்கம். பில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள், 18 சதவிகிதம் வீணில்லை, அது நம் கையில் இருக்கும் ஒரே ஆதாரம். செயலி வழியாக ஆள் பிடித்தால் பணமும் அதன் வழியாகவே போகட்டும். ஷெட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் காகிதத்தையும் துணியையும் ஒரு மழைக்காலம் பார்க்காமல் உள்ளே வைக்காதீர்கள். இத்தனை வந்துவிட்டது, மீதியை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பெருங்களத்தூர்ப் பெரியவரிடம் இன்று மாலை போயிருந்தேன். சாய்ந்ததை நிமிர்த்த முடியுமா என்று கேட்டேன். படத்தைப் பார்த்தார். “பிரித்துப் பழைய இரும்புக்குப் போடுங்கள், மழை விட்டதும் வருகிறேன்” என்றார். விலை இப்போது 1,30,000 ஆகிவிட்டதாம்.

பின்கட்டில் தகரம் மறுபடி படபடவென்று அடித்துக்கொள்கிறது. அம்மா எழுந்துவிட்டாள். கொடிக்கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய் மிச்ச ஷீட்டுகளை மதிலோடு சேர்த்துக் கட்டிவிட்டு வருகிறேன்.