தார் பாலைவனம்: நான்கு பருவங்களில் போய் வந்த பிறகு

ஒன்பது ஆண்டுகளில் நான்கு முறை ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் போய் வந்திருக்கிறேன். டிசம்பர் கடைசி, மே, ஆகஸ்ட், பிப்ரவரி பிற்பாதி என்று நான்கும் வேறு வேறு காலம். "நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போய் வா" என்று எல்லாரும் சொல்வது சரிதான். ஆனால் அந்த நான்கு மாதங்களும் ஒரே மாதிரி இல்லை. இப்போதெல்லாம் மாதத்தோடு சேர்த்துப் பிறை கணக்கையும் பார்த்துத்தான் டிக்கெட் போடுகிறேன்.

முதல் பயணம் டிசம்பர் கடைசி வாரம். பகல் அருமையான வெயில். ஆனால் ஊரிலிருந்து 40 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சம் மணல்மேடுகளில் எங்கு திரும்பினாலும் ஜீப், ஒலிபெருக்கி, கூட்டம். பாலைவனத்தின் அமைதியைத் தேடிப் போனவனுக்கு அது பெரிய ஏமாற்றம். ராத்திரிக் குளிரையும் நான் குறைத்து எடை போட்டுவிட்டேன். காற்றில் ஈரமில்லை, வானில் மேகமில்லை; பகலில் வாங்கிய சூட்டை மணல் மளமளவென்று விட்டுவிடுகிறது. விடியுமுன் வெறுங்காலோடு கூடாரத்தை விட்டு வந்தேன், பாதம் மரத்துப்போனது. அதே இடத்தில் மணலுக்குள் கையை விட்டுத் தோண்டினால் உள்ளே நேற்றைய வெதுவெதுப்பு அப்படியே இருந்தது. அதை மறக்கவே முடியாது.

மே மாதம் வேலை நிமித்தம் போனது. தயவுசெய்து யாரும் போகாதீர்கள். பக்கத்து ஃபலோதியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி செல்சியஸ் பதிவானது. லூ என்கிற அனல்காற்று வீசும்போது நிழலில் நின்றாலும் முகம் எரிகிறது. பொழுது சாய்ந்த பிறகும் ஜெய்சல்மேர் கோட்டையின் மஞ்சள் கல் சூட்டைக் கக்கிக்கொண்டே இருந்தது. குழந்தைகளையோ வயதானவர்களையோ இந்தச் சமயத்தில் அழைத்துப் போவது ஆபத்து.

ஆகஸ்ட்தான் எதிர்பாராத அழகு. இரண்டு மழை பெய்திருந்தது, சேவண் புல் பச்சையாகத் தழைத்திருந்தது. மணல்மேட்டில் மழைத்துளி விழுந்த குழிகள் அம்மைத் தழும்பு போல அப்படியே நின்றன. ஆனால் புழுக்கம் தாங்காது, மேகத்தில் நட்சத்திரமும் தெரியாது. பாலைவனத்தில் வெள்ளம் வராது என்றும் நினைத்துவிட வேண்டாம். 2006 ஆகஸ்டில் பார்மேர் மாவட்டத்துக் கவாஸ் கிராமம் மூழ்கியது. மணலுக்கடியில் ஜிப்சம் படுகை இருந்ததால் தண்ணீர் கீழே இறங்காமல் வாரக்கணக்கில் தேங்கி நின்றது.

என் மனதுக்குப் பிடித்தது பிப்ரவரி பிற்பாதிதான். அமாவாசையை ஒட்டிப் போனேன். சம்மை விட்டுவிட்டு கூரி கிராமத்துப் பக்கம் தங்கினேன். பகலில் அரைக்கைச் சட்டை, ராத்திரிக்கு ஒரு ஸ்வெட்டரும் கம்பளியும் போதும். ரோகிடா மரங்கள் இலையைவிடப் பூவாகத்தான் நின்றன, செம்மஞ்சள் நிறத்தில். முன்னிரவில் ஓரியன் நட்சத்திரக் கூட்டம் தலைக்கு மேலே இருந்தது. ஐந்து மணிக்கு எழுப்பிவிடச் சொல்லியிருந்தேன். தென்கிழக்கில் பால்வீதி மணல்மேட்டிலிருந்தே புகைந்து கிளம்புவது போல இருந்தது. அரை மணி நேரம் யாரும் பேசவில்லை.

திரும்பும் வழியில் ஃபலோதி அருகே கீச்சன் கிராமம். குர்ஜா என்று ஊர்க்காரர்கள் சொல்லும் சாம்பல் நிறக் கொக்குகள் காலையில் தானியம் தின்ன ஆயிரக்கணக்கில் இறங்குகின்றன. மார்ச் முடிவதற்குள் கிளம்பிவிடும், அதனால் இதற்காகவே தள்ளிப் போடாமல் போகலாம்.

நிலவொளியில் மணல் பார்க்க வேண்டும், ஒட்டகப் பந்தயம் பார்க்க வேண்டும் என்பவர்கள் மாக பௌர்ணமியை (ஜனவரி–பிப்ரவரியில் வரும் முழுநிலவு) ஒட்டி ஜெய்சல்மேரில் நடக்கும் மூன்று நாள் பாலைவனத் திருவிழாவுக்குப் போகலாம். அறையை மட்டும் முன்கூட்டியே பிடித்துவிடுங்கள். அந்த நிலா வெளிச்சத்தில் நட்சத்திரம் பார்க்கும் ஆசையை விட்டுவிட வேண்டியதுதான்.

அடுத்த பயணம் அம்மாவோடு. அதே பிப்ரவரி, அதே அமாவாசை வாரம், கூரியில் மூன்று ராத்திரி. அம்மாவுக்குக் கம்பளிக் காலுறை இப்போதே வாங்கி வைத்துவிட்டேன்.