மியூசியமா, வாடகைக்கா? ஒரு மல்லாட்டை குடோன் கணக்கு

கடலூர் ஓ.டி.யில் (ஓல்டு டவுன்) எங்கள் குடும்பத்துக்கு ஒரு பழைய மல்லாட்டை (நிலக்கடலை) குடோன் உண்டு. செங்கல் சுவர், தேக்கு உத்தரம், மேலே மங்களூர் ஓடு. இடித்துவிட்டுக் கடை கட்டலாம் என்றார் சித்தப்பா. லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் பழையதை வைத்துக்கொள்வது என்று முடிவாகிவிட்டால் மிச்சம் இரண்டு வழிதான்: தராசு, சாக்குத் தைக்கிற கோணூசி, கணக்கு நோட்டெல்லாம் அடுக்கிச் சின்ன மியூசியமாக்குவது, இல்லை யாருக்காவது தொழில் செய்ய வாடகைக்கு விடுவது. நாங்கள் வாடகைக்கு விட்டோம். பகலில் தச்சுப் பட்டறை, சாயங்காலம் முன்பக்கத்தில் சிலம்பம்.

மியூசியம் என்றால் உள்ளே எதையும் மாற்றவேண்டாம், பார்க்கவும் அழகு. சரி, ஓடு மாற்ற யார் பணம் தருவது?

எனக்கு எல்லாமே அந்த ஓட்டில்தான் வந்து நிற்கிறது. இந்த மாதிரிக் கட்டடத்தில் சுவர் லேசில் விழாது, கூரைதான் முதலில் போகும். குரங்கு ஒரு ஓட்டை நகர்த்திவிட்டுப் போகும், ஐப்பசி மழை அந்தச் சந்தில் இறங்கி உத்தரம் சுவருக்குள் நுழையும் இடத்தில் ஊறும், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது, உள்ளே மரம் இற்றுக்கொண்டிருக்கும், கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று வேர்விட்டிருக்கும். வாரத்துக்கு ஒருநாள் திறக்கிற இடத்தில் அண்ணாந்து பார்க்க ஆள் ஏது? தச்சர் இழைத்து வைத்த பலகையில் ஒரு சொட்டு விழட்டும், அன்றைக்கே போன் வந்துவிடும். வாடகையில் ஒரு பங்கைக் கூரைக்கென்றே தனியாகப் போட்டுவைக்கிறோம். சுவரில் சிமெண்ட் பூசக்கூடாது, சுண்ணாம்புதான் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டோம். உப்புக் காற்றில் சிமெண்ட் பூச்சு ஈரத்தை உள்ளேயே அடைத்துச் செங்கல்லைப் பொடியாக்கிவிடும்.

விழுந்துவிட்டால் பழையது திரும்பி வராது. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மேரி கட்டடம் (பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சிக் கட்டடம்) 2014 நவம்பர் மழையில் சரிந்ததே, இப்போது அங்கே நிற்பது அதே சாயலில் புதிதாகக் கட்டியது.

ஆனால் பெரிய மில்களுக்கு எங்கள் கணக்கு அப்படியே பொருந்துமா என்றால், தெரியாது. 1898இல் தொடங்கிய புதுச்சேரி ஏ.எஃப்.டி. துணி மில் 2011 ‘தானே’ புயலில் அடிவாங்கி, 2020இல் ஒரேயடியாக மூடப்பட்டது. அந்த அளவுக் கூரையை வாடகைப் பணம் தாங்குமா? அப்புறம், அதே புதுச்சேரியில் சவானா மில்லில் 1936 ஜூலை 30 அன்று போலீஸ் சுட்டு 12 தொழிலாளர்கள் செத்தார்கள், அதற்குப் பிறகுதான் பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை வந்தது. அந்த மாதிரி இடத்தில் மியூசியம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு கூடத்தை அதற்கு ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் பட்டறைக்கும் நாடகத்துக்கும் விட்டால் என்ன என்றுதான் கேட்பேன்.

வாடகைக்கு விட்ட பிறகு எங்களுக்கே இன்னும் பெரிய புயல் ஒன்றும் வரவில்லை, அதனால் கூரையைப் பற்றி ரொம்ப அடித்துப் பேசமுடியாது. வாடகைக்கு விடுகிறவர்கள் இ.பி. இணைப்பைத் தொழிலுக்கு ஏற்றபடி மாற்றும் செலவு யாருடையது என்பதை அட்வான்ஸ் வாங்கும்போதே பேசிவிடுங்கள்.