சகி மையம்: 72 மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டிய இடம்

வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு வைத்தியம், ஆலோசனை, போலீஸ் உதவி, தங்க இடம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கச் செய்யும் அரசு மையம்தான் சகி ஒன் ஸ்டாப் சென்டர். எங்கள் மாவட்டத்தில் இருக்கும் மையத்தைப் பற்றி எழுதுகிறேன். எந்த மாவட்டம் என்று சொல்ல மாட்டேன். எங்கள் மகளிர் குழுவில் இருக்கும் தங்கச்சி ஒருத்திக்குத் துணையாகப் போனேன். அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

அவளுக்கு நடந்த பாலியல் வன்கொடுமையை மறுநாள் மதியம்தான் என்னிடம் சொன்னாள். முதலில் பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். "இது போலீஸ் கேஸும்மா, எஃப்.ஐ.ஆர். போட்டுட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்படி அனுப்பக் கூடாது. அரசோ தனியாரோ, உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும், மறுத்தால் ஓராண்டு வரை சிறை என்று சட்டமே இருக்கிறது. அன்றைக்கு எனக்கு அது தெரியாது. ஆட்டோவில் இருந்தபடியே 181 என்ற மகளிர் உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். அவர்கள்தான் சகிக்குப் போகச் சொன்னார்கள்.

மையம் அரசு மருத்துவமனை வளாகத்துக்குள், பிரசவ வார்டுக்குப் பின்னால் இருக்கிறது. ஓ.பி. சீட்டு கொடுக்கும் இடத்திலும் தெரியவில்லை, செக்யூரிட்டிக்கும் தெரியவில்லை. துப்புரவு வேலை பார்க்கும் அக்கா ஒருவர்தான் கூட்டிக்கொண்டு போய் விட்டார். இதற்கே அரை மணி நேரம் போய்விட்டது.

உள்ளே ஆலோசகர் மேடம் நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. "சாப்பிட்டியாம்மா? எங்கயாவது வலிக்குதா?" என்றார். அதுவரை வாயே திறக்காதவள் அப்போதுதான் அழுதாள்.

டாக்டரம்மா ஒவ்வொன்றுக்கும் முன்னால் "பார்க்கலாமா?" என்று கேட்டார். பெண்ணுறுப்புக்குள் விரல் விட்டுப் பார்க்கும் அந்தப் பழைய இரு விரல் சோதனை கிடையாது. 2022-இல் உச்ச நீதிமன்றம் அதைக் கண்டித்துத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. "நான் குளிச்சிட்டேனே" என்று இவள் பயந்தபோது, "பரவாயில்லம்மா, வந்துட்டீல்ல" என்றார். துணிகளை நான் பிளாஸ்டிக் கவரில் கொண்டுபோயிருந்தேன். ஈரம் கோத்து வீணாகிவிடும் என்று அவற்றைக் காகித உறைகளுக்கு மாற்றி சீல் வைத்தார்கள்.

எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்க 28 நாள் மாத்திரை. அதை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கரு தங்காமல் இருக்க ஒரு மாத்திரை, அப்புறம் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. ஊரில் இதை மானப் பிரச்சினையாகவும் போலீஸ் விவகாரமாகவும்தான் பேசுகிறோம். முதலில் இது வைத்தியம் பார்க்க வேண்டிய விஷயம் என்பது எனக்கு அந்த மேசை முன்னால்தான் உறைத்தது. போலீஸுக்குத் தகவல் போகும், ஆனால் புகார் கொடுப்பது உன் முடிவு, கொடுக்காவிட்டாலும் வைத்தியம் நிற்காது என்று தெளிவாகச் சொன்னார்கள். இரண்டாம் நாள் அவளாகவே கொடுத்தாள். பெண் எஸ்.ஐ. மையத்துக்கே வந்து எழுதிக்கொண்டார்.

ஐந்து நாள் வரை தங்கலாம். மூன்று ராத்திரி இருந்தோம். விரிப்பு சுத்தம், சாப்பாடு பரவாயில்லை. ஆனால் கழிவறைத் தாழ்ப்பாள் விழவில்லை. இந்த நிலையில் வந்திருக்கும் பெண்ணுக்கு அது சின்னக் குறை இல்லை. ஒவ்வொரு முறையும் நான் வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொண்டேன். அடுத்தடுத்த ஆலோசனை எல்லாம் வேலை நாள் பகலில்தான். ஒவ்வொரு தடவையும் அவளுக்கு ஒரு நாள் கூலி போகிறது.

எங்கள் தெருவில் அதற்குப் பிறகு இரண்டு பெண்பிள்ளைகளின் சாயங்கால டியூஷன் நின்றுபோனது. காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மேடத்தைக் குழுக் கூட்டத்துக்குக் கூப்பிட்டேன், வந்தார். கூட்டம் முடிந்ததும் அறுபது வயதைத் தாண்டிய அக்கா ஒருவர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "ரொம்ப வருஷம் ஆனதுக்கும் வரலாமா?" என்று கேட்டார். தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது என்று அந்த அக்கா ஏறாத ஆஸ்பத்திரி இல்லை. வரலாம் என்றார் மேடம். மறுவாரம் நான்தான் கூட்டிப் போனேன்.

வருகிற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனு கொடுக்கிறேன். ஆஸ்பத்திரி வாசலிலிருந்து சகி வரைக்கும் அம்புக்குறி போட்ட பலகை, கழிவறைக்கு ஒரு நல்ல தாழ்ப்பாள்.