எக்ஸ்ரேயைக் காட்டி ‘ஒன்றுமில்லை’ என்றார்கள்

கடந்த மாதம் பினாங்கு ஜெலுத்தோங்கில், பள்ளித் திடலில் காற்பந்து ஆடிய என் மகன், பந்தைத் தலையால் முட்ட எழும்பியபோது இன்னொரு பையனின் தலையோடு மோதி விழுந்தான். மயக்கமில்லை. ஆனால் காரில் வரும்போது, காலடியிலேயே கிடந்த பையை, “அம்மா, என் பை எங்கே?” என்று மூன்று முறை கேட்டான்.

தனியார் கிளினிக்கில் மருத்துவர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார்; மோதலுக்கு முன்பின் நடந்தது நினைவிருக்கிறதா என்று ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. மண்டையோட்டை எக்ஸ்ரே எடுத்து, எலும்பு முறியவில்லை, ஆகவே மூளைக்கும் ஒன்றுமில்லை என்று சொல்லி, ‘நரம்புக்குத் தெம்பு’ என மஞ்சள் நிற வைட்டமின் டிரிப்பும் ஏற்றி, 480 ரிங்கிட் வாங்கிக்கொண்டு, நாளை மறுநாளே விளையாடலாம் என்று அனுப்பிவிட்டார்கள். அப்படியே ஆடப் போனவன் கால் மணி நேரத்தில் வெளிச்சம் கூசுகிறது என்று திடலோரம் படுத்துவிட்டான். அன்றிரவு இரண்டு முறை வாந்தி எடுத்தான்.

அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில், ரத்தக்கசிவு இல்லை என்று உறுதிசெய்யவே சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். இவனுக்கு வந்திருப்பது மூளையதிர்ச்சி, அதாவது அடிபட்ட அதிர்வில் மூளையின் செயல்பாடு தற்காலிகமாகக் குழம்புவது; அது சி.டி.யிலும் பெரும்பாலும் தெரியாது, எக்ஸ்ரேயில் தெரியவே தெரியாது என்று விளக்கிய மருத்துவர், அவன் கவனத்தைச் சோதிக்க டிசம்பரிலிருந்து மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொன்னார். வகுப்பில் முதல் மூன்றுக்குள் வருபவன், செப்டம்பரில் தடுமாறி நின்றான்.

முதல் 24 முதல் 48 மணி நேரம் கைப்பேசியைக் குறைத்து ஓய்வு, பிறகு மெல்ல நடை, அதன்பின் பள்ளி. விளையாட்டுக்குத் திரும்ப மட்டும் படிப்படியாக ஆறு படிகள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஒரு நாள் என்று எழுதிக் கொடுத்தார். (இருட்டறையில் நாள்கணக்காகப் படுக்க வைக்கும் பழைய வழக்கம் இப்போது இல்லையாம்.) தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, வாந்தி தொடர்ந்தாலோ, வலிப்பு வந்தாலோ, எழுப்பினாலும் விழிக்காவிட்டாலோ உடனே அவசரப் பிரிவுக்கு வரவேண்டும் என்றும், ஆறுவதற்குள் தலையில் மீண்டும் அடிபட்டால், அரிதாக, மூளை வீங்கி உயிரே போகலாம் என்றும் சொன்னார். அந்தக் கால் மணி நேரத்தில் எத்தனை முறை பந்தைத் தலையால் முட்டினாய் என்று மகனைக் கேட்டேன். இரண்டு என்றான்.

இப்போது அவன் நான்காம் படியில், மோதலில்லாத பயிற்சி மட்டும் செய்கிறான். கிளினிக்கில் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். எலும்பு முறியவில்லை என்று நாங்கள் சொன்னது சரிதானே என்றார்கள்.